மஞ்சள் தடவச் சொன்ன நோட்டீஸ்

‘கேளுங்க சொல்றேன்’ பகுதிக்கு இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே சங்கதி. வாட்ஸப்ல வர்ற அரைகுறை வைத்தியத்துக்கு எதிரா ஏதாவது பேப்பர்ல அடிச்சு ஏரியாவுல கொடுக்கலாமா, கொடுத்தா எவனாவது படிப்பானா-ங்கறதுதான். நான் டாக்டர் இல்லீங்க. பெங்களூர் அல்சூர்ல 22 வருஷம் டிடிபி சென்டர் வெச்சு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கரகத் திருவிழா நோட்டீஸ்னு அடிச்சுத் தள்ளினவன். பேப்பர் பத்தி நான் சொல்றதை நம்பலாம். உடம்பு பத்தி எழுதினதை எங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா கிட்ட காட்டி, அவங்க ரெண்டு இடத்துல சிவப்பு பேனால அடிச்சதுக்கப்புறம்தான் இங்க போட்டிருக்கேன்.

அண்ணா, நாங்க மர்பி டவுன் பக்கம். போன மாசம் பக்கத்து வீட்டு ஒன்பது வயசுப் பையனைத் தெருநாய் கடிச்சிடுச்சு. அவன் பாட்டி மிளகாப்பொடியும் மஞ்சளும் வெச்சுக் கட்டிட்டாங்க. தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு பயந்து மூணு நாள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல, நாங்க சண்டை போட்டுதான் கூட்டிட்டுப் போனோம். இதுக்கு ஒரு பிட் நோட்டீஸ் அடிக்கலாம்னு நாலு பேர் சேர்ந்திருக்கோம். குரூப்ல சுத்தற ஃபார்வர்டு எல்லாத்தையும் எடுத்துப்போட்டு ஒவ்வொண்ணும் ஏன் பொய்னு எழுதி வெச்சிருக்கேன், ரெண்டு பக்கம் வருது. சரியா இருக்குமா?
– மர்பி டவுன் வாசகி

சண்டை போட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. மூணு நாள் இல்ல, கடிச்சு மூணு மாசம் ஆகியிருந்தாலும் ‘இனிமே எதுக்கு’ன்னு விடாம ஊசி போடப் போகத்தான் வேணும். ரேபிஸ்ங்கற வெறிநாய்க்கடி நோய் பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள தலைகாட்டும், சில பேருக்கு ஒரு வருஷம் கழிச்சும் வரும், அறிகுறி வந்துட்டா காப்பாத்தறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. பையனுக்கு எல்லா டோஸும் முடிஞ்சுதான்னு இன்னொரு தடவை கேட்டுக்குங்க. நிறையப் பேரு ரெண்டாவது ஊசியோட நின்னுடுவாங்க, காயம் ஆறிப்போச்சுல்ல, அதனால.

இப்ப நோட்டீஸுக்கு வருவோம். ரெண்டு பக்கம் வேண்டாம் தாயி. பொய்யை வரிசையாப் போட்டு பதில் சொல்றதும் வேண்டாம். ஏன்னு கேட்டா நான் பட்ட கதையைச் சொல்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி, எங்க தெருவுல இதே மாதிரி ஒரு நாய்க்கடி நடந்தப்போ நானே உற்சாகமா ஒரு நோட்டீஸ் டிசைன் பண்ணேன். தலைப்பு கொட்டை எழுத்துல ‘நாய் கடித்த இடத்தில் மஞ்சள் தடவினால் போதும்’, அதுக்குக் கீழ அடுத்த வரியில ‘என்பது பொய்!’ன்னு. அந்த ரெண்டாவது வரி கண்ணுல படணும்னு நல்ல பளிச் மஞ்சள் கலர் வேற கொடுத்தேன், கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல அம்சமா இருந்துச்சு. 300 காப்பி ஜெராக்ஸ் போட கடையில கொடுத்தேன். கருப்பு வெள்ளை மெஷின்ல மஞ்சள் கலர் விழவே விழாதுங்கறது தொழில்ல இருக்கற எனக்கே அந்த நேரம் தோணல பாருங்க. 300 பேப்பர்லயும் ‘நாய் கடித்த இடத்தில் மஞ்சள் தடவினால் போதும்’, அதுக்குக் கீழ வெறும் வெள்ளை. நான் கட்டைப் பிரிச்சுக்கூட பாக்கல, பையன்கிட்ட கொடுத்து வீடு வீடாப் போட்டாச்சு. ரெண்டு நாள் கழிச்சு எதிர் வீட்டம்மா வந்து, “அண்ணே, நீங்க போட்ட நோட்டீஸைப் பார்த்தேன், எங்க மாமியா சொல்றதும் இதேதான், விரலி மஞ்சளா கடைப்பொடியான்னு மட்டும் போடலியே”ன்னாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. திரும்பவும் வீடு வீடாப் போய் வாங்கிக் கிழிச்சேன்.

அன்னிக்கு கலர் தப்புன்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, கலர் ஒழுங்கா விழுந்திருந்தாலும் அந்த நோட்டீஸ் தப்புதான். மனுஷன் பிட் நோட்டீஸை நின்னு நிதானமா படிக்கிறதில்ல, பெரிய எழுத்தைப் பார்க்கறான், மடிக்கிறான், பாக்கெட்ல வைக்கிறான். அவன் மனசுல தங்கறது அந்தப் பெரிய எழுத்து மட்டும்தான். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா அது நிஜம் மாதிரியே தோண ஆரம்பிச்சுடும்னு 1977-லயே அமெரிக்காவுல சோதிச்சுப் பார்த்து எழுதியிருக்காங்க. பொய்யை எடுத்துப்போட்டு மறுத்தா, நம்ம காசுல அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொன்னதாத்தான் ஆகும்.

அதனால தலைப்புல என்ன செய்யணும்-ங்கறது மட்டும் வரட்டும். ‘நாய் கடிச்சா: 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவு. அன்னிக்கே ஊசி போடு.’ முடிஞ்சுது. இதைப் படிச்சவன் அதுக்குமேல படிக்கலேன்னாலும் நம்ம காசு வீண் இல்ல. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல நாலு அஞ்சு வரி. குழாயைத் திறந்துவிட்டு ஓடற தண்ணியில கழுவணும், எந்த சோப்பா இருந்தாலும் சரி, துணி சோப்பே போதும். ரேபிஸ் வைரஸுக்கு மேல ஒரு கொழுப்புப் படலம் இருக்கு, சோப்பு அதைக் கரைச்சு உடைச்சிடும், அதனாலதான் இந்த 15 நிமிஷம் அவ்வளவு முக்கியம். இதை மட்டும் ஒரு வரியா நோட்டீஸ்லயே போடுங்க, பாட்டிங்க காரணம் தெரிஞ்சா கேட்டுப்பாங்க, அதிகாரம் பண்ணா கேக்கமாட்டாங்க. மிளகாப்பொடி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், காப்பித்தூள் பத்தி ‘காயத்துல வேற எதையும் வைக்காதீங்க’ன்னு ஒரே வரி போதும், பேர் சொல்லி லிஸ்ட் போட வேண்டாம்.

அந்த 14 ஊசிக் கதை இருக்கே, அதை மட்டும் நான் தொடச் சொல்வேன், ஏன்னா அந்தப் பயம் பொய்யில பொறந்தது இல்ல. ஒரு காலத்துல நிஜமாவே வயித்துல நாள் தவறாமப் போட்டாங்க. ஆட்டு மூளையிலேர்ந்து செஞ்ச மருந்து அது, கசௌலியில டேவிட் செம்பிள்ங்கற வெள்ளைக்கார டாக்டர் 1911-ல கண்டுபிடிச்ச முறை. 2005 வாக்குல நம்ம நாட்டுல அதை நிறுத்தியாச்சு. பாட்டி கண்ணால பார்த்ததைத்தான் சொல்றாங்க, பழைய தகவல், அவ்வளவுதான். ‘பாட்டி சொல்றது பொய்’னு எழுதினா வீட்டுக்குள்ள சண்டை வரும். ‘இப்ப தொப்புள்ல போடறதில்ல, கையிலதான்’னு எழுதினா பாட்டியே பேரனைக் கூட்டிட்டுப் போவாங்க. அரசு ஆஸ்பத்திரியில தோல்லயே போடற முறையில நாலு நாள் போகணும், முதல் நாள், அப்புறம் 3, 7, 28-வது நாள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணு. தசையில போடற முறைன்னா 14-வது நாளும் சேர்ந்து அஞ்சு தடவை. கணக்கு, முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்ஜியம்னு வெச்சு எண்ணறது, நாய் கடிச்ச நாளை வெச்சு இல்ல. இதுல குழம்பறவங்க ஜாஸ்தி.

ரத்தம் வந்திருந்தா ஊசி மட்டும் பத்தாது, கடிச்ச இடத்துலயே சீரம்னு ஒண்ணு போடணும், அதையும் கேட்டு வாங்கணும்னு ஒரு வரி. குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே, அதுக்கு ஊசி போட்டிருக்கேன்னு விடறவங்களுக்கு, அப்பவும் டாக்டர்கிட்ட போகணும்னு ஒரு வரி. ‘நாயைப் பத்து நாள் பார்க்கலாம், செத்தா ஊசி போட்டுக்கலாம்’னு சொல்றவங்களுக்கும் ஒரு வரி: பாருங்க, ஆனா ஊசியை ஆரம்பிச்சுட்டுப் பாருங்க. கர்ப்பிணிக்கும் போடலாம், பத்தியம் ஒண்ணும் கிடையாது, கோழி முட்டை எல்லாம் சாப்பிடலாம். இதுக்குமேல ஒரு வார்த்தை சேர்த்தீங்கன்னாலும் எழுத்து சின்னதாயிடும்.

சார், வைட்ஃபீல்டுல எங்க அப்பார்ட்மெண்ட் தமிழ் குரூப்ல டெங்கு சீசன் வந்தா பப்பாளி இலைதான் பேச்சு. போன வருஷம் ஒருத்தர் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு டிஸ்சார்ஜ் கேட்டு வீட்டுக்கு வந்து மறுநாளே ஐசியூல சேர்த்தாங்க. லிஃப்ட்ல ஒட்டற மாதிரி பப்பாளி இலையால பிரயோஜனம் இல்லேன்னு ஒரு பேப்பர் ரெடி பண்ணலாமா?
– வைட்ஃபீல்டு வாசகர்

பப்பாளி இலைகூட மல்லுக்கட்டாதீங்க சார். நீங்க லிஃப்ட்ல ஒட்டினதும் குரூப்ல நாலு பேர் ‘எங்க மச்சானுக்கு ஏறிச்சே’ன்னு ஆரம்பிப்பாங்க, பிளேட்லெட்டுங்கற ரத்தத் தட்டணு தானாவே ஏறற நேரத்துல எதைக் குடிச்சாலும் அதுக்குத்தான் பேர் கிடைக்கும், அதைப் பேசித் தீர்க்க முடியாது. உங்க லெட்டர்லயே விஷயம் இருக்கு, நீங்க கவனிக்கல. காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு வந்தாரு, மறுநாள் ஐசியூ. டெங்குல ஆபத்து காய்ச்சல் அடிக்கும்போது இல்ல, அது இறங்கற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான். ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிஞ்சு ரத்தம் கெட்டியாகும், பிரஷர் விழும். எல்லாரும் பிளேட்லெட் நம்பரை மட்டும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுட்டிருப்பாங்க, டாக்டர் ரத்தம் எவ்வளவு கெட்டியாச்சுன்னு காட்டற ஹீமட்டோக்ரிட்டையும் சேர்த்துப் பார்த்துட்டிருப்பாரு.

அதனால லிஃப்ட்ல ஒட்ட வேண்டியது இது: ‘காய்ச்சல் விட்டதும் ரெண்டு நாள் கண்ணை விட்டு எடுக்காதீங்க. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், சுருண்டு படுத்துக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.’ கீழ, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் ஐப்ரூஃபனும் கூடாது, ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். அவ்வளவுதான். பப்பாளி-ங்கற வார்த்தையே வரல பாருங்க. குடிக்கிறவங்க குடிச்சுக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போறதைத் தள்ளிப்போடாம இருந்தா சரி.

இன்னொண்ணு, லிஃப்ட்ல ஒட்டறீங்கன்னா ஆளு 30 செகண்டு நிப்பான், அதனால ஏ4-ல 20 வரி படிக்கலாம்னு நெனப்பீங்க. படிக்கமாட்டான், போனைப் பார்ப்பான். எட்டு வரிக்கு மேல போகாதீங்க. 2024 செப்டம்பர்ல கர்நாடக அரசாங்கமே டெங்குவைக் கொள்ளை நோய் லிஸ்ட்ல சேர்த்துச்சு, தண்ணி தேங்கவிட்டா அபராதம்னு ரூல் வந்துச்சு. அந்தப் பேப்பரோட பக்கத்துலயே வாரம் ஒருநாள் பால்கனி தொட்டித் தட்டை, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு, ஏசி தண்ணி எல்லாத்தையும் கொட்டிட்டுத் தேய்ச்சுக் கழுவணும்னு ஒரு வரி சேர்த்தா அசோசியேஷனும் சந்தோஷப்படும். கொட்டினா மட்டும் பத்தாது, அந்தக் கொசு முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காய்ஞ்சு கிடந்து, தண்ணி பட்டதும் பொரியும்.

அண்ணே, நான் போன்லயே தமிழ்ல டிசைன் பண்ணி பென் டிரைவ்ல காட்டன்பேட்டை பிரிண்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடையில திறந்தா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய் ‘கொசு’ங்கறது படிக்கவே முடியல. அவரு தமிழ் வராது சார், படமா கொண்டாங்கன்னுட்டாரு. படமா கொடுத்தா எழுத்து மங்கலா விழுது. என்ன செய்ய?
– ஸ்ரீராமபுரம் வாசகர்

இது என் சொந்த வீட்டு விஷயம், இதுக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதலாம், எடிட்டர் விடமாட்டாரு. பெங்களூர் கடைங்க பலதுல இன்னும் பழைய சாஃப்ட்வேர்தான் ஓடுது, கன்னடத்துக்கு அவங்க தனியா ஒரு ஃபாண்ட் சிஸ்டம் வெச்சிருப்பாங்க, நாம போன்ல அடிக்கற யூனிகோடு தமிழ் அதுல உள்ள போனா ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், ‘கொ’ மூணு துண்டா உடையும். கடைக்காரர் மேல தப்பில்ல. வேர்டு ஃபைலை அப்படியே கொண்டுபோகவே போகாதீங்க. உங்க கிட்டயே பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க, அதுக்குள்ள ஃபாண்டும் சேர்ந்தே போயிடும், எந்தக் கடையில திறந்தாலும் எழுத்து நகராது. படமா கொடுத்தே ஆகணும்னா ஏ4 சைஸுக்கு இஞ்சுக்கு 300 புள்ளி, அதாவது அகலத்துல 2,480, உயரத்துல 3,508 பிக்சல் இருக்கணும். வாட்ஸப்ல படமா அனுப்பினா அது அமுக்கிடும், அதனாலதான் மங்கல். டாக்குமெண்டா அனுப்புங்க, இல்ல பென் டிரைவ்.

ஃபாண்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், இதெல்லாம் காசில்லாம கிடைக்குது, ஜெராக்ஸ்ல நல்லா நிக்கும். வளைச்சு நெளிச்ச அலங்கார எழுத்து கல்யாணப் பத்திரிகைக்கு இருக்கட்டும். உள் எழுத்து 14 பாயிண்ட்டுக்குக் கீழ போகாதீங்க, வயசானவங்க படிக்கணும்னா 16. தமிழ்ல மேலயும் கீழயும் சுழி வர்றதால வரிக்கு வரி கொஞ்சம் தாராளமா இடம் விடுங்க, இல்லேன்னா மேல் வரி ‘ழு’வோட வாலும் கீழ் வரி ‘கி’யோட கொண்டையும் முட்டிக்கும். நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சும்மா விடுங்க, ஜெராக்ஸ் மெஷின் ஓரம் வரைக்கும் அடிக்காது, கடைசி வரியைக் கடிச்சிடும். கலர் வேணும்னா மையில வேண்டாம், பேப்பர்ல வைங்க. வெளிர் மஞ்சள் பேப்பர்ல கருப்பு மை, பத்து நோட்டீஸ் நடுவுல தனியாத் தெரியும். ஆமா, நானேதான் மஞ்சள்னு சொல்றேன், ஆனா இது பேப்பர்.

ஏ4-ஐ பாதியா வெட்டினா ஏ5, கைக்கு அடக்கம், ஒரு மடிப்பு மடிச்சா சட்டைப்பையில போகும். ஒரு ரீம் 500 ஷீட், ஆக 1,000 நோட்டீஸ். அதுக்குமேல வேணும்னா ஜெராக்ஸை விட ஆஃப்செட் பிரஸ்ஸோ ரிசோங்கற காப்பி மெஷினோ மலிவா முடியும். முதல்ல ஒரே ஒரு காப்பி எடுத்து, படிக்கத் தெரிஞ்ச ஆனா இந்த விஷயம் தெரியாத ஒருத்தர் கையில கொடுங்க. பத்து எண்ணுங்க, வாங்கி வெச்சுக்குங்க, “என்ன போட்டிருக்கு?”ன்னு கேளுங்க. அவங்க சொல்றதுதான் உங்க நோட்டீஸ். நான் அன்னிக்கு இதைச் செஞ்சிருந்தா 300 வீடு ஏறி இறங்கியிருக்கமாட்டேன்.

சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்கன்னு மேல சிங்க முத்திரை வெச்சு, பக்கத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி லோகோவும் போட்டுட்டோம். சரிதானே?
– ஆஸ்டின் டவுன் வாசகர்

இன்னும் அடிக்கலியே? அடிக்காதீங்க. நாலு சிங்க முத்திரையைக் கண்டபடி போடக்கூடாதுன்னு 2005-ல தனிச் சட்டமே இருக்கு. ஆஸ்பத்திரி லோகோவும் அவங்க எழுதிக் கொடுக்காம போடக்கூடாது. அதுவும் போக, பொய் ஃபார்வர்டு பண்றவனும் இதே வேலையைத்தான் பண்றான், ‘டபிள்யூஹெச்ஓ அறிவிப்பு’ன்னு மேல போட்டுக்கறான், நாமளும் அதையே பண்ணா வித்தியாசம் என்ன. கீழ ஒரு வரி, ‘ஆஸ்டின் டவுன் இன்ன தெரு இளைஞருங்க, இன்ன மாசம் இன்ன வருஷம்’னு போடுங்க. தெரிஞ்ச பசங்க கொடுத்ததுன்னா முத்திரையைவிட மரியாதை ஜாஸ்தி. தேதி ரொம்ப முக்கியம், பழைய நோட்டீஸ் பல வருஷம் சுத்தும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல எந்தக் கிழமை எத்தனை மணிக்கு ஊசின்னு நேர்ல போய்க் கேட்டு எழுதுங்க, இன்டர்நெட்ல பார்த்து எழுதாதீங்க. ஹெல்ப்லைனுக்கு கர்நாடகாவுல 104, ஆம்புலன்ஸுக்கு 108. உங்க சொந்த போன் நம்பரைப் போடாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது தலைவலி மாத்திரை கேப்பாங்க.

தமிழ்ல போட்டா எங்க ஏரியாவுல யார் படிப்பாங்கன்னு என் பொண்ணு கேக்கறா. அவளே தமிழ் பேசுவா, படிக்க வராது, ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும்தான். நோட்டீஸ்ல க்யூஆர் கோடும் வைக்கலாமா?
– சிவாஜிநகர் வாசகி

உங்க பொண்ணு சொல்றது சரிம்மா, இது நம்ம பெங்களூர் தமிழருக்கு மட்டுமே இருக்கற தலைவலி. பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும், அதுவும் எழுத்துக்கூட்டி. அம்மாவுக்கு ரெண்டும். பிள்ளைங்களுக்குக் கன்னட எழுத்து. ஆட்டோ ஓட்டற மாமாவுக்கு அஞ்சு பாஷை வரும், ஒண்ணும் எழுத வராது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம் போடுங்க, கன்னடத்தைத் தெரிஞ்சவர் ஒருத்தர் கையால எழுதி வாங்கணும், போன் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினீங்கன்னா சிரிப்பாங்க, சிரிச்சா நம்பமாட்டாங்க. உருது பேசற வீடுங்களும் உங்க பக்கம் நிறைய, அவங்களுக்குத் தனி நோட்டீஸ், ஒரே பேப்பர்ல மூணு பாஷையைத் திணிக்காதீங்க.

எழுத்தே வராதவங்களுக்குப் படம். குழாய், சோப்பு, கை, கடிகாரம், அப்புறம் ஊசி. கூகுள்ல கிடைக்கற படத்தை எடுக்காதீங்க, பாதிக்கு மேல உரிமை வெச்சிருப்பாங்க, மீதி வெளிநாட்டு வாஷ்பேசின். உங்க பொண்ணையே வரையச் சொல்லுங்க, நம்ம வீட்டு வாசல்ல இருக்கற அந்த பிளாஸ்டிக் குடமும் குழாயும். கோட்டுப் படம் போதும், ஜெராக்ஸ்ல நல்லா வரும். வாய் பிளந்த நாய், ரத்தம், இதெல்லாம் வேண்டாம், பயம் காட்டினா பேப்பரைத் திருப்பி வெச்சிடுவாங்க.

க்யூஆர் கோடு பத்தியும் கேட்டிருந்தீங்க. வைக்கறதுன்னா ரெண்டு சென்டிமீட்டருக்குக் குறையாம வைங்க. இலவசமா கொடுக்கற சைட்ல சிலது அவங்க லிங்க் வழியாச் சுத்தி அனுப்பும், கொஞ்ச நாள்ல காசு கட்டுன்னு நிறுத்திடும், அடிச்ச ஆயிரம் பேப்பரும் போச்சு. என் கருத்தைக் கேட்டா வேண்டவே வேண்டாம், அந்த இடத்துல எழுத்தைப் பெருசாக்கிக்குங்க.

குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டா ஆட்டிசம் வரும்னு எங்க மாமனார் ஒரு வீடியோவை நாலு தடவை அனுப்பிட்டாரு. அவருக்கும் நோட்டீஸ்தானா?
– ஃப்ரேசர் டவுன் வாசகி

வீட்டுக்குள்ள நோட்டீஸ் கொடுத்தா விவாகரத்து நோட்டீஸ்னு நெனச்சுப்பாங்க. இதுக்குப் பேச்சுதான். அதுவும் குரூப்ல வேண்டாம், நாலு பேர் முன்னாடி அவரால இறங்கி வர முடியாது. தனியா காப்பி கொடுத்துட்டு, “மாமா, இந்தக் கதை எங்க ஆரம்பிச்சதுன்னு பார்த்தேன்”னு கதையாச் சொல்லுங்க. 1998-ல லண்டன்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கற டாக்டர் வெறும் 12 குழந்தைங்களை வெச்சு எழுதினாரு, அதுல தில்லுமுல்லு இருக்குன்னு வெளிய வந்து 2010-ல அந்தப் பத்திரிகையே அதை வாபஸ் வாங்குச்சு, அதே வருஷம் அவரு டாக்டர் ரிஜிஸ்டர்லேர்ந்தே பேரை எடுத்துட்டாங்க. டென்மார்க்ல ஆறரை லட்சம் குழந்தைங்களைப் பார்த்து 2019-ல வந்த ஆய்வுல ஆட்டிசத்துக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமே தெரியல. 2017 பிப்ரவரியில இதே பெங்களூர்ல ஆரம்பிச்சுதான் தட்டம்மை ரூபெல்லா ஊசித் திட்டம் தமிழ்நாட்டுக்கும் மத்த மாநிலத்துக்கும் போச்சு, அப்ப சுத்தின வாட்ஸப் வதந்தியோட பேத்தியாத்தான் இந்த வீடியோ இருக்கும். ஆளு பிடிவாதமா இருந்தா விட்டுடுங்க. ஊசி போடற தேதிக்கு நீங்க போய்ப் போட்டுட்டு வாங்க, வந்ததும் பேரனை அவர் மடியில வைங்க.

அடிச்சாச்சு அண்ணே, 500 காப்பி. மார்க்கெட் செவுத்துலயும் கரண்ட் கம்பத்துலயும் ஒட்டலாமா? பின்பக்கம் காலியா இருக்கு, அதுல ஏதாவது விளம்பரம் வாங்கிப் போட்டா செலவுக்கு ஆகும்னு ஒரு யோசனை.
– அதே மர்பி டவுன் வாசகி

செவுத்துல ஒட்டாதீங்க, பொது இடத்தை அசிங்கப்படுத்தறதுக்கு எதிரா கர்நாடகாவுல 1981-லேர்ந்து சட்டம் இருக்கு, நல்ல நோட்டீஸ் கெட்ட நோட்டீஸ்னு அதுல பாகுபாடு கிடையாது. கேட்டுட்டு உள்ள ஒட்டுங்க: டீக்கடை கல்லா பக்கத்துல, சலூன் கண்ணாடி ஓரத்துல, ரேஷன் கடை, மாவு மில். மாவு மில்லுல கால் மணி நேரம் நிக்கணும், வேற வேலை இருக்காது, எல்லாரும் படிப்பாங்க. கறிக்கடையை மறந்துடாதீங்க, தெருநாய் அங்கதான் சுத்துது. கையில கொடுக்கறதை ஆடி மாசக் கூழ் ஊத்தற அன்னிக்கும், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சர்ச் வாசல்லயும் கொடுங்க. கொடுக்கும்போது ஒரே வாக்கியம் வாயால சொல்லிட்டுக் கொடுங்க, “சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம்க்கா”ன்னு, அப்பதான் வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பார்ப்பாங்க.

விளம்பரம் வேண்டவே வேண்டாம். ஒரு கிளினிக் பேர் வந்துட்டா ‘ஓ, இதுக்குத்தானா’ன்னு முடிஞ்சுது. மறுபக்கம் கன்னடம்னு மேல சிவாஜிநகர் அம்மாவுக்குச் சொன்னேன், உங்களுக்குத் தமிழ் மட்டும் போதும்னா பின்னாடி நாலு கட்டம் போடுங்க, ஒவ்வொரு கட்டத்துக்கு மேலயும் முதல் ஊசி, 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். உள்ள தேதி எழுத இடம். உதாரணத்துக்கு 2-ம் தேதி முதல் ஊசின்னா 5, 9, 30. நர்ஸம்மாவே பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்துடுவாங்க. கன்னடப் பக்கம் வேணும்னா அந்தக் கட்டங்களை முன்பக்கமே கீழ ஒரு வரியா இறக்கிடுங்க, இடம் பத்தும். தேதி எழுதின பேப்பரை யாரும் குப்பையில போடமாட்டாங்க, சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிடுவாங்க. அந்தப் பையன் வீட்டுல முதல் காப்பியைக் கொடுத்துட்டு, 28-வது நாள் கட்டம் நிரம்புச்சான்னு எனக்கு எழுதுங்க.